கன்னிமூலைக் குழி

ஆகஸ்ட் 28

இன்று மில்லுக்கு மஞ்சள் நீராட்டு. நடத்தி வைத்தவள் நான்.

ஓட்டுக் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு, வாளி வாளியாக மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றச் சொன்னேன். நூற்பு ஹாலின் கூரை ரம்பத்தின் பல் போல வரிசையாக ஏறி இறங்குகிறது. இரண்டு சரிவுகளுக்கு நடுவே நீளமாக ஒரு பள்ளம். மழை அத்தனையும் அந்தப் பள்ளங்களில்தான் வந்து விழ வேண்டும். பள்ளங்களின் ஒரு கோடியில் பாய்லர் வீடு, மறுகோடியில் பஞ்சு குடோன், இரண்டும் கூரையைவிட உயரம். அப்படியானால் தண்ணீர் எங்கேதான் போகிறது? வேலை ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

பதில் தூண்களுக்குள் இருந்தது. ஹாலில் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் எல்லாம் உள்ளே கூடு. பள்ளத்துத் தண்ணீர் தூண் வழியாகவே இறங்கி, தரைக்கடியில் ஓடி, தென்மேற்கு மூலையில் இருக்கும் ஆளுயரக் குழிக்கு வந்து, அங்கிருந்து சுவருக்கு அடியில் வெளியே போகிறது. கூரையைத் தாங்குவதும் அதே தூண், மழையை இறக்குவதும் அதே தூண். அந்தக் காலத்தில் இதைக் கட்டியவன் மகா கஞ்சன், மகா கெட்டிக்காரன்.

எல்லாரும் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சளசளவென்று சத்தம் வந்தது. பிறகு மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. மேஸ்திரி அபுதாகிர் கையைத் தட்டினார். "மேடம், மில்லு வயசுக்கு வந்துருச்சுங். சீர் யாருங் செய்யறது?" எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

கமலாம்பிகை மில் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புகைபோக்கியும் முகப்பும் பழஞ்சின்னப் பட்டியலில் இருப்பதால் யாரும் இடிக்க முடியாது. அதனால்தான் அக்கா வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி மாமாவின் கைக்கு வந்தது. பாய்லர் வீடு ஆபீஸ்களாகவும், நூற்பு ஹால் கல்யாணமும் கண்காட்சியும் நடக்கும் மண்டபமாகவும் மாறப் போகிறது. கட்டடம் நிற்குமா நிற்காதா என்று பார்ப்பது என் வேலை. என் கையெழுத்து விழாமல் உள்ளே ஒரு ஆளை விட முடியாது.

செப்டம்பர் 4

மண்டபத்தில் முதல் விசேஷம் எங்கள் வீட்டு விசேஷம்தான். மிருதுளாவுக்கு நிச்சயதார்த்தம், ஐப்பசியில். மாமா இன்று ஹாலின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து அறிவித்தார். அந்தச் சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பிப் போய்விட்டன.

அக்கா மகள் என்று பேருக்குச் சொல்கிறேன். மிருதுளாவைக் குளிப்பாட்டியது, ஸ்கூட்டியில் டியூஷனுக்குக் கூட்டிப் போனது எல்லாம் நான்தான். நான் வேலை பார்த்த கூரைக்கடியில் அவளுக்கு மோதிரம் மாற்றப் போகிறார்கள். மேடைக்குத் தனியாக ஒரு கணக்குப் போட்டு, லைட் தொங்கவிடும் இடத்தில் இரும்பை இன்னும் கொஞ்சம் கனமாக்கியிருக்கிறேன். மாமா செலவைப் பார்த்து முனகட்டும்.

அக்கா எல்லாருக்கும் பட்டு எடுத்துவிட்டாள். எனக்குச் சாம்பல் நிறம். சாம்பல் எனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 9

வாஸ்துக்காரர் வந்தார். கையில் திசைகாட்டி, பின்னால் ஒரு உதவியாள், அவன் கையில் இளநீர். ஹாலைச் சுற்றி வந்து தென்மேற்கு மூலைக் குழியின் முன்னால் நின்றவர், பாம்பைப் பார்த்தவர் மாதிரி இரண்டடி பின்னால் போனார்.

"கன்னிமூலைங்க இது. இங்க மேடு இருக்கணும். பள்ளம் இருந்தா குடும்பத் தலைவருக்கு ஆகாது. மங்கள காரியம் ஒண்ணும் தங்காது."

மாமாவின் முகம் அப்போதே வாடிவிட்டது. மில்லை வாங்கிய பிறகுதான் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மில்லு மூடியதே இந்தக் குழியால்தான் என்று வாஸ்துக்காரர் வேறு சொல்லி வைத்தார். நூல் விலை, மின்வெட்டு, வேலை நிறுத்தம் எதற்கும் பங்கில்லையாம்.

நான் சொன்னேன். "மாமா, மொத்தக் கூரைத் தண்ணியும் இது வழியாத்தான் போகோணும். இதை அடைச்சா தண்ணி கூரை மேலயே நிக்கும்."

"வெளிய ஒரு குழி வெட்டி மாத்திக்கலாமல்லோ அம்முணி?"

சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு நெருக்கி எழும்பி நிற்கிறது. வெட்ட இடமே இல்லை. கடைசியில் ஒரு வழி சொன்னேன். குழியை அப்படியே விட்டு, மேலே கிரானைட் மூடி போட்டுவிடலாம். பார்வைக்குப் பள்ளம் தெரியாது. மாமா தலையாட்டினார். வாஸ்துக்காரர் தலையாட்டவில்லை, இளநீரைக் குடித்தார்.

செப்டம்பர் 12

மாமா என்னை ஆத்தங்குடிக்கு அனுப்புகிறார், பாய்லர் வீட்டு வராந்தாவுக்கு டைல்ஸ் பார்க்க. "உன்னை மாதிரி பாத்து எடுக்க யாரு இருக்கறா அம்முணி? ரெண்டு நாள் இருந்து நிதானமாப் பாத்துட்டு வா." டைல்ஸ் பார்ப்பது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலையா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

செப்டம்பர் 15

டைல்ஸ் பிரமாதம். பச்சையும் காவியும் கலந்த ஒன்றை எடுத்தேன்.

திரும்பி வந்தால் கன்னிமூலையில் ஒரு பிள்ளையார். முழங்கை உயரம், கருங்கல், நல்ல வேலைப்பாடு. கீழே கிரானைட் பீடம், மேலே சின்னதாக ஒரு விளக்கு. நேற்றுத்தான் பிரதிஷ்டை ஆனதாம். புரட்டாசி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது, அதனால் அவசரமாக வைத்துவிட்டோம் என்றார் மாமா. சொந்தக்காரர்கள், ஒறம்பரை எல்லாம் வந்திருக்கிறார்கள். பந்தி வேறு நடந்திருக்கிறது. அக்கா எனக்கென்று சர்க்கரைப் பொங்கல் தூக்குப்போசியில் எடுத்து வைத்திருந்தாள். முந்திரி நிறைய போட்டிருந்தாள். நாள் அப்படி அமைந்துவிட்டது, யாரையும் சொல்லிக் குற்றமில்லை.

"மூடி நான் சொன்ன மாதிரிதான போட்டீங்க?" என்று அபுதாகிரிடம் கேட்டேன்.

"எல்லாம் ஆச்சுங் மேடம்" என்று சொல்லிவிட்டு சென்ட்ரிங் பலகை எண்ணப் போய்விட்டார். அந்த மனுஷன் பலகை எண்ணி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 23

என் வீட்டுக்காரர் சந்திரசேகர் தவறிப் போய் இன்றோடு மூன்று வருடம். தூண்களுக்கு இரண்டாவது கோட் பெயின்ட் அடித்து முடித்தார்கள்.

அக்டோபர் 6

உறுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். ஹால், பாய்லர் வீடு இரண்டுக்கும். மாமா மைசூர்பா வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். அபுதாகிர் எடுத்துக்கொள்ளவில்லை, சுகர் என்றார். போன வாரம் டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக் குடித்தவர்.

அக்டோபர் 14

மழை. மத்தியானம் ஆரம்பித்துச் சாயந்தரம் வரை அடித்தது. நான் குடையோடு ஹாலுக்குள் போய், என் கூரை ஒழுகவில்லை என்று கர்வமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைக்குப் பக்கத்துத் தூணில், இரண்டு துண்டு சேரும் இடத்தில், புதுப் பெயின்ட் கொப்பளித்து ஒரு சொட்டு நீர் நின்றது. துடைத்தேன். மறுபடி வந்தது.

பையிலிருந்த ஸ்பேனரால் தூணைத் தட்டினேன். கூடான இரும்பு கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டது. தலைக்கு மேல் கையை எட்டித் தட்டினேன், அங்கும் சொத். அடுத்த தூண். அதற்கடுத்த தூண். எல்லாமே சொத். உச்சி வரைக்கும் தண்ணீர்.

கூரை மேல் ஏறினேன். மழை விட்டு வெகுநேரம் ஆகியும் பள்ளங்களில் கணுக்காலளவு தண்ணீர் அசையாமல் நின்றது.

கீழே வந்து மூலைக்குப் போனேன். பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். பீடத்தைச் சுற்றித் தரையைப் பார்த்தேன். மூடியே இல்லை. ஒரே காங்கிரீட்.

அக்டோபர் 15

அபுதாகிர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். குழிக்குள் வரும் குழாய் வாயைச் செங்கல் வைத்துப் பூசி, குழி நிறைய மணல் கொட்டி, மேலே காங்கிரீட் போட்டு, அதன் மேல் பீடம் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் நான் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நாளில்.

"மொதலாளி சொன்னாருங் மேடம். உங்ககிட்ட அவரே சொல்லிக்கறேன்னாரு. நான் ரெண்டு தடவ கேட்டனுங், சொல்லியாச்சான்னு."

"நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கோணுங்." கோபத்தில் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். பிறகு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்று ஸ்பூன் போட்டுக்கொண்டார்.

மாமா வீட்டுக்குப் போனேன். பத்திரிகைக்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். கூரையில் தண்ணீர் நின்றால் ஒரு பள்ளத்தில் ஒரு லாரித் தண்ணீர் நிற்கும். கீழே ஏசி குழாய், லைட், அலங்காரம் வேறு தொங்குகிறது. கூரையைத் தாங்கும் மரமும் பழசு. பெருமழை வந்தால் தாங்காது. நிச்சயத்தன்று அதற்கடியில் அறுநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்று பிள்ளையாரைப் பெயர்த்துக் குழியைத் திறக்க வேண்டும், இல்லை நிச்சயத்தை வேறு மண்டபத்தில் வைக்க வேண்டும்.

"பிரதிஷ்டை பண்ணின சாமியப் பேத்தெடுக்கறதா? அதும் விசேஷத்துக்கு முந்தியா?" மாமா குரலை உயர்த்தவே இல்லை. "மாப்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? நிச்சயம் முடியட்டும் அம்முணி. அப்பறம் நீ என்ன சொன்னாலும் பண்ணிக்கலாம்."

"அதுக்குள்ள மழை வந்துருச்சுன்னா?"

"அன்னிக்கு மழையே இல்லைன்னு போன்ல போட்டிருக்குது."

அப்போது அக்கா குங்குமக் கையோடு எழுந்து வந்தாள். "உனக்கு எதப் பாத்தாலும் கெட்டதுதான் தோணும். உன்ற வீட்ல நடந்துபோச்சுன்னு எல்லாத்து வீட்லயும் நடக்குமா? அன்னிக்குப் பூசைக்கு நீ நிக்க வேண்டாம்னுதான் டைல்ஸ் பாக்க அனுப்பிவிட்டோம். இத்தனை பண்ணியும் இப்ப வந்து அபசகுனமாப் பேசறயே."

பேசி முடித்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் கன்னமெல்லாம் குங்குமம்.

அக்டோபர் 16

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆத்தங்குடியில் இரண்டு நாள் கல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 19

குருக்களைப் பார்த்தேன். பிரதிஷ்டை செய்தவரே அவர்தான். கோயிலில் திருப்பணி நடக்கும்போது சாமியை வேறிடத்துக்கு மாற்றி வைப்பதில்லையா, அதைப் போல இங்கேயும் செய்ய முடியாதா என்று கேட்டேன்.

"தாராளமாப் பண்ணலாம்மா. பாலாலயம்னு பேரு. ஒரு கலசத்துல ஆவாகனம் பண்ணிட்டு, மூர்த்திய எடுத்து வெச்சுடலாம். வேலை முடிஞ்சு மறுபடி வெச்சுக்கலாம். தோஷமே கெடையாது. ஆனா எஜமானர் வந்து கேக்கணும். சங்கல்பம் அவர் பேர்லன்னா ஆகணும்?"

மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். நிச்சயம் முடியட்டும் என்றார். பிள்ளையாரை நகர்த்தச் சாஸ்திரத்தில் வழி இருக்கிறது, மாமாவை நகர்த்தத்தான் எந்தச் சாஸ்திரத்திலும் வழி இல்லை.

என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன், மாநகராட்சிக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். "சொந்த அக்கா மக நிச்சயத்தை நிறுத்துனவன்னு பேரு வாங்கோணுமா உனக்கு?" என்றார் மாமா. பிறகு இறங்கி வந்தார். கூரை மேல் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியே விடச் சம்மதித்தார். நானும் இறங்கிப் போனேன்.

அக்டோபர் 22

பள்ளங்களில் மோட்டார் வைத்தாயிற்று. நின்ற தண்ணீரை இறைத்தாயிற்று. வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது, ஒரு மேகம் இல்லை. தூணைத் தட்டினேன். சொத்.

மிருதுளா போன் செய்தாள். "சித்தி, நிஜமாவே விழுந்துருமா?"

"தெரியாது கண்ணு."

"தெரியாதுன்னா?"

"விழும்னு தெரிஞ்சா உங்கப்பாவே நிறுத்திருவாரு. விழாதுன்னு தெரிஞ்சா நான் தூங்கிருவேன்."

பிறகு, "நீ அந்தச் சாம்பல் சேலைய கட்டாத. எனக்குப் புடிக்கல" என்றாள்.

அக்கா சொன்னது சரியாக இருக்குமோ என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. சந்திரசேகருக்குக் காய்ச்சல் வந்தபோது நான் பயப்படவே இல்லை. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துவிட்டு சைட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். ஆனால் ஸ்பேனருக்குப் புருஷன் சாகவில்லை. அதுவும் சொத்தென்றுதான் சொல்கிறது.

அக்டோபர் 25

பந்தல்காரர்கள் வந்து ஹாலைப் பூவால் மூடிவிட்டார்கள். தூண்களைச் சுற்றிச் செண்டுமல்லி. மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. அபுதாகிரிடம் நாளைக்குக் கடப்பாரையும் பிரேக்கர் மிஷினும் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன்.

"கொண்டாந்து வெக்கறனுங். தரைய உடைக்கச் சொன்னீங்கன்னா இப்பவே உடைக்கறேன். ஆனா சாமிய நான் தொடமாட்டனுங் மேடம். பாவம் புண்ணியத்துக்கு இல்லீங். நான் தொட்டா நாளைக்கு ஊர்ல வேற பேச்சாயிரும். உங்களுக்குத் தெரியாததில்ல."

தெரியும். எனக்கும் அதே கதைதான், வேறு காரணம் என்று சொன்னேன்.

அக்டோபர் 26

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியும்போதே மழை. சாம்பல் சேலை கட்டவில்லை. பழைய சுடிதாரோடு கூரைக்குப் போய்விட்டேன். மோட்டார் நான்கும் ஓடின. பள்ளத்தில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கீழே நாதஸ்வரம் ஆரம்பித்தது. கார்கள் வந்துகொண்டே இருந்தன. அக்கா ஒரு பெண்ணிடம் காபி கொடுத்தனுப்பினாள். "மேலயே இருந்து பாத்துக்கச் சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண். சரி, அது என் வேலைதானே.

திடீரென்று மோட்டார்கள் நின்றன. நான்கும் ஒரே நேரத்தில்.

ஓடி இறங்கினேன். மேடை லைட்டுக்குக் கரண்டு போதவில்லை என்று அலங்காரக்காரர் மோட்டார் லைனைப் பிடுங்கி அதில் சொருகிவிட்டிருக்கிறார். "பத்தே நிமிஷம் மேடம், மோதிரம் மாத்தறது வீடியோ எடுத்துட்டு மாத்திக் குடுத்தர்றோம்." நான் அந்த ஒயரைப் பிடுங்கினேன். எங்கேயோ டப்பென்று சத்தம் கேட்டது, மேடை லைட் பாதி அணைந்தது. மோட்டாரும் வரவில்லை, பியூஸ் போய்விட்டது.

மறுபடி மேலே ஓடினேன். பாய்லர் வீட்டுக் கோடியில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அதற்கு நேர் கீழேதான் மேடை. மரம் முனகுகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

நனைந்த கோழியாக ஹாலுக்குள் போனேன். "எல்லாரும் வெளிய போங்க, கூரை தாங்காது" என்று கத்தினேன். நாதஸ்வரத்துக்கு மேல் என் குரல் எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்தார்கள். மாமா சிரித்த முகத்தோடு கையை அசைத்தார். "ஒண்ணுமில்லீங், நம்ம கொழுந்தியாதான். மேல வேலை பாத்துட்டு இருந்துச்சு." மைக்கைப் பிடுங்கப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் மரியாதையாக என் கையைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். யாரோ துண்டு கொடுத்தார்கள். மேடையில் மிருதுளா எழுந்து நின்றாள். அவளை இழுத்து உட்கார வைத்தார்கள்.

நான் எழுந்து கன்னிமூலைக்குப் போனேன். குழியைத் திறக்கத்தான் போனேன். அதற்கு முதலில் பிள்ளையாரை எடுக்க வேண்டும். பீடத்தில் பூசியிருந்த சாந்தை அபுதாகிரின் உளியால் நானே சுற்றித் தட்டினேன். அவர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கல் அசைந்தது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். நெஞ்சில் குளிர்ந்தது. நல்ல கனம்.

நாதஸ்வரம் நின்றுவிட்டது.

கூரை விழும் என்று கத்தியபோது ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பிள்ளையாரைத் தூக்கியதும் ஹால் மொத்தமும் எழுந்து என்னை நோக்கி வந்தது. மாமா, பங்காளிகள், மாப்பிள்ளை வீட்டார், சமையல்காரர்கள், நாதஸ்வரக்காரர் எல்லாரும். "கீழ வை!" "யாருடா அந்தம்மா?" "புருஷனை முழுங்கினது பத்தலயா?" யார் சொன்னது என்று தெரியும், எழுத மாட்டேன். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "கோகிலா, கோகிலா, உன்ற காலைப் புடிச்சுக்கறேன், அதை வெச்சிரு."

"இப்படிக் குடு சித்தி."

மிருதுளா. மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தாள், கழுத்து நிறைய மாலையோடு. மாப்பிள்ளைப் பையனும் பின்னாலேயே வந்து நின்றான். அவள் கையை நீட்டிப் பிள்ளையாரை வாங்கி, கல்லில் ஒட்டியிருந்த சாந்து பட்டில் பட, இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தையாக இருந்தபோது அவளை நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அபுதாகிர் மிஷினை ஓட்டினார். காங்கிரீட் பிளந்தது. மணலை அள்ளக் குனிந்தேன். என் முதுகில் யாரோ அடித்தார்கள். அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய சத்தம்கூட இல்லை. மரம் முறிகிற சத்தம் ஒன்று, பிறகு தண்ணீர். திரும்பிப் பார்த்தோம். மேடைக்கு மேல் பள்ளம் அப்படியே இறங்கி வந்தது. ஓடு, சட்டம், ஏசி குழாய், பூ எல்லாம் சேர்ந்து வந்தது. அலை எங்கள் கால் வரைக்கும் வந்தது. மேடை இருந்த இடத்தில் மேடை இல்லை. தவில் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

அங்கே ஒருவரும் இல்லை. எல்லாரும் என்னைத் திட்ட இந்த மூலைக்கு வந்திருந்தார்கள்.

தவில்காரர் மட்டும் "ஐயோ" என்றார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே ஓடினார்கள். நானும் அபுதாகிரும் ஓடவில்லை. மற்றப் பள்ளங்கள் இன்னும் மேலேதான் இருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு ஆள் குழிக்குள் குதித்து மணலை அள்ளி வீசத் தொடங்கினார். மாமா. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷர். போகச் சொல்லிக் கத்தினேன், கேட்கவில்லை. மணலுக்கடியில் செங்கல் தெரிந்ததும் இரண்டு பேரையும் மேலே ஏறச் சொன்னேன். நான் மேலே நின்றபடியே கடப்பாரையால் குத்தினேன். மூன்றாவது குத்தில் அடைப்பு உடைந்தது. தண்ணீர் கடப்பாரையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. சுவருக்கு அடியில் அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மாமா தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

அக்டோபர் 29

தூணைத் தட்டினேன். கணீர்.

என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதிகாரிகள் வந்து பார்த்து ஹாலைப் பூட்டினார்கள். மூடி போட்டதை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று அவர்களிடம் சொன்னேன். மாமா குறுக்கிட்டு, அடைக்கச் சொன்னது நான் என்றார்.

ஊரில் இரண்டு கட்சி. அந்தப் பொம்பளை சாமியைத் தொட்டதால்தான் கூரை விழுந்தது என்கிறது ஒன்று. சாமி அவள் கையில் ஏறி எல்லாரையும் அந்த மூலைக்கு வரவழைத்துக் காப்பாற்றியது என்கிறது இன்னொன்று. குழாய் வாயைச் செங்கல்லால் அடைத்தது பற்றி இரண்டு கட்சியிலும் யாரும் பேசுவதில்லை.

அபுதாகிர் இதைச் சொல்லிவிட்டு, "நம்மளும் ஒரு கட்சி ஆரம்பிக்கலாமுங் மேடம்" என்றார்.

நவம்பர் 8

அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் உள்ளே வராமல் நின்றாள். உட்கார்ந்ததும் கையோடு கொண்டுவந்த பையைப் பிரித்தாள். கருநீலப் பட்டு, அரக்குக் கரை.

நிச்சயம் மாப்பிள்ளை வீட்டிலேயே எளிமையாக நடக்கப் போகிறதாம். அந்தப் பையன் ஹாலில் நடந்ததை எல்லாரிடமும் தன் வாயாலேயே சொல்லிவிட்டானாம். பிள்ளையார் இன்னும் மிருதுளா அறையில்தான் இருக்கிறார், தாம்பாளத்தில் அரிசி பரப்பி அதன் மேல் வைத்திருக்கிறாள். அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிக் குழிக்கு மூடி போட்டு, பக்கத்தில் பீடம் கட்டியாயிற்று. குருக்கள் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. சேலைக் கரையை நீவிக்கொண்டே சொன்னாள். "வர்ற வெள்ளிக்கெழம காலைல. அவரு சொல்லிப்போட்டாரு, கோகிலா வந்துதான் எடுத்து வெக்கோணும்னு. நானும் அதையேதான் சொல்றேன். நீ வரோணும் கண்ணு."

நான் சேலையைப் பார்த்தேன். நல்ல நீலம். வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கு டைல்ஸ் பாக்க யாரை அனுப்பறீங்க?" என்று வந்துவிட்டது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று குனிந்து முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, காபி போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றாள்.